எதிரி கண்ட துரைசாமி

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் காற்று முதலில் எதிர்த்துத் தள்ளும். சில அடி போனதும் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய கோயில் இது. பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர் எவரானாலும் அவரைப் பணிவதாக அவன் கல்லில் பாடிவைத்திருக்கிறான். நெடுங்காலம் சிதைந்து கிடந்த கோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தது. அந்தப் பணிவு வீண்போகவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் மதுரை போன வலி இல்லை. அரசன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியில் தோல்வி ஏறுவது அபூர்வம். அதற்கு வேறு கண் வேண்டும். அது எதிரியின் கண்ணானாலும் தள்ளக்கூடாது என்பேன்.

கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் லண்டனில் தன் படை நினைவுகளை வெளியிட்டார். தனக்கு வேலெறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று அதில் எழுதுகிறார். அந்தக் குருவைத்தான் அவருடைய படை காட்டில் துரத்திப் பிடித்து, 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. அடுத்த பிப்ரவரியில் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும், சின்ன மருதுவின் பதின்வயது மகன் துரைசாமியையும், இன்னும் பலரையும் தூத்துக்குடியில் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1818-இல் பினாங்கில் தன்முன் வந்து நின்ற தளர்ந்த மனிதரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்று விளங்கியது. முப்பதைச் சற்றே தாண்டிய வயது! அந்தச் சந்திப்பை வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார்.

தூக்குமேடை போட்டவர்களின் கண்ணீரை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாளையக்காரர்களை ஒடுக்கிய அதே ஆட்சியின் அதிகாரிகள்தான் பின்பு சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். வெல்ஷும் வருந்தி வேலையை விட்டவர் அல்லர். அந்த வருத்தத்துக்காக அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. தம் தரப்புக்குப் பெருமை சேர்க்காத ஒன்றை ஒருவர் வலியச் சொன்னால், அந்த இடத்தில் பொய்க்கு லாபம் குறைவு. அந்த அளவுக்குத்தான் நம்பச் சொல்கிறேன்.

நம் கதைப்பாடல்கள் போதாதா என்பது இன்னொரு கேள்வி. நெற்கட்டும்செவல் புலித்தேவரின் முடிவைப் பாருங்கள். சிறைப்பட்டவர் சங்கரன்கோவில் சன்னதியில் விலங்கு தெறிக்க மறைந்துபோனார் என்பது ஊர்வழக்கு. அந்த நம்பிக்கையைக் கேலி செய்யமாட்டேன்; தோற்ற ஊருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கதையில் புலித்தேவர் கிழவராவதே இல்லை. கும்பினி ஒரு பையனை என்ன செய்தது என்று தெரிய, பினாங்கில் அவனை அடையாளம் தெரியாமல் விழித்த அந்த வெள்ளைக்காரரிடம்தான் போகவேண்டியிருக்கிறது.