ஒரு வேலைக்கு ஒரு கருவி

பழைய மோட்டார் வண்டிகளின் கைக்கருவிகளை எதிரே வைத்துக்கொண்டு, "இது எதற்கு?" என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் அநேகம் பேர் இருக்கிறார்கள். வண்டி எப்போதோ உருகிப் போயிருக்கும். அதன் பெட்டியில் கிடந்த கோணல்மாணலான ஸ்பானர் ஒன்று மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்து யார் கையிலாவது வந்து சேர்ந்திருக்கும். புதுப்பேட்டைக் கடைகளில் இப்படி ஒன்றைக் கண்டால் நானும் நின்றுவிடுவேன். கடைக்காரருக்கு அது எடைக்கு இத்தனை ரூபாய், அவ்வளவுதான். எனக்கு அது விடுகதை.

இந்தப் பித்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் இரும்பில் பொறித்த எழுத்தைப் படிக்கிறார்கள். அமெரிக்கக் கருவிகளில் காப்புரிமைத் தேதி இருந்தால் பழைய காப்புரிமைப் படங்களைத் தேடலாம். பிறகு வாயை அளக்கிறார்கள். அப்புறம் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடம் கை பட்டுப் பட்டு மினுமினுக்கிறது என்று பார்க்கிறார்கள். எழுத்து பொய் சொன்னாலும் தேய்மானம் பொய் சொல்லாது.

எழுத்து பொய் சொல்வது போலத் தோன்றுவதும் உண்டு. இங்கிலீஷ்காரர்களின் பழைய ஸ்பானரில் 'கால் அங்குலம்' என்று இருக்கும். வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கும் மேலே இருக்கிறது! ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ல் மரைகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அந்த முறையில் ஸ்பானர் மேல் இருக்கும் எண் ஸ்பானரைப் பற்றியதே அல்ல. அது திருப்பவேண்டிய போல்ட்டின் தண்டைப் பற்றியது. தன் உடம்பில் இன்னொன்றின் அளவைச் சுமந்துகொண்டிருக்கிறது. போல்ட்டைத் தெரியாதவனுக்கு அந்த எண் பிதற்றல்தான்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' வண்டியை 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள். அதில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஏற்பாடு கிடையாது. டாங்கி பெரும்பாலும் முன் ஆசனத்துக்கு அடியில். ஆசனத்தைத் தூக்கி, மூடியைத் திருகி, ஒரு மரக்கோலை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். இன்று அந்தக் கோல் மட்டும் ஒருவன் கையில் கிடைத்தால் என்ன நினைப்பான்? கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றுபோல் இல்லை. நடுவில் நெருக்கம், இரு முனைகளிலும் விரிவு. இப்படியும் ஓர் அளவுகோலா என்று சிரிப்பான். படுக்கவைத்த பீப்பாயைப் போன்ற டாங்கி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; கோணலாகத் தெரிந்தது முழுக்க நியாயமாகிவிடும். அதே வண்டியின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் அளவு பார்க்க இரண்டு சின்னத் திருகுகள் இருந்தன. வண்டிக்குக் கீழே ஊர்ந்து போகாமல் அவற்றைத் திறப்பதற்கென்றே, நுனி பிளந்த நீண்ட கம்பி விற்றார்கள். திருகு இல்லாமல் அந்தக் கம்பி வெறும் கம்பி.

ஆக, கருவியை முறைத்துப் பார்த்து அதன் அர்த்தம் தெரிந்துவிடாது. அதன் எதிரே எது இருந்தது என்று கேட்கவேண்டும். எதிரே இருந்தது போய்விட்டால் கருவியும் கருவியாக இருப்பதை விட்டுவிடுகிறது. இரும்புக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. உலையில் போட்டால் வேறொன்றாகிறது.

ஆனால் ஃபோர்டின் தொழிற்சாலையில் ஒரே வேலைக்கு வார்க்கப்பட்டது இரும்பு மட்டுமா? ஹைலண்ட் பார்க் என்ற இடத்தில் 1913-ல் நகரும் வரிசையை ஏற்படுத்தினார்கள். அடிச்சட்டம் பூட்டுவதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது ஒன்றரை மணியாகச் சுருங்கிற்று. ஒருவன் போல்ட்டைச் செருகுவான், நட்டைப் போடமாட்டான். நட்டைப் போடுகிறவன் முடுக்கமாட்டான். மனிதர்கள் தாங்கமாட்டாமல் ஓடினார்கள். அந்த வருஷத்தில் வேலையை விட்டவர்கள் கணக்கு நூற்றுக்கு 370! அதாவது ஓர் இடத்துக்கு ஒரே வருஷத்தில் மூன்று நான்கு பேரை எடுக்கவேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்து அவர்களைக் கட்டிப்போட்டார் ஃபோர்டு. (அந்தக் கூலி முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் கம்பெனி ஆள் வீடு தேடி வந்து ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறானா என்று பார்ப்பான்.) நல்ல கூலிதான், அதை மறுக்கமாட்டேன். 1927 மே மாதம் மாடல் டி நின்றது. தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பல்லாயிரம் பேர் கூலியில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். டிசம்பரில் புது வண்டி வந்தது. திரும்ப அழைக்கப்பட்டவர்கள் உண்டு, அழைக்கப்படாதவர்களும் உண்டு.

"ஒரே வேலையைக் கற்றுக்கொண்டது அவன் தப்பு. நாலும் தெரிந்துகொள்வதற்கு என்ன?" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். இவர்கள் எந்தப் பட்டறையிலும் பத்து நிமிஷம் நின்றதில்லை என்று நினைக்கிறேன். எந்த நட்டுக்கும் பொருந்துகிற ஸ்க்ரூ ஸ்பானரை நல்ல மெக்கானிக் அவசரத்துக்குத்தான் தொடுவான். அது நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். கச்சிதமான வேலைக்குக் கச்சிதமான வாய் வேண்டும். உலகம் அதைத்தான் கேட்கிறது, அதற்குத்தான் கூலி கொடுக்கிறது. என்னைக் கேட்டால், "நீ இதற்கு மட்டும் பொருந்து" என்று ஒருவனிடம் கேட்டு வாங்கியவனுக்கு அப்போதே ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. போல்ட்டை மாற்றும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் சம்பளம் கொடுத்ததோடு அந்தக் கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

டெட்ராய்ட் வரைக்கும் போகவேண்டாம். என் முதல் கதைகளை அச்சுக் கோத்தவர்கள் கம்பாசிட்டர்கள். 1980-களிலும் 1990-களிலும் ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபோது அந்த வேலை அடியோடு போயிற்று. நான் எழுதுகிறவன், இரண்டிலும் என் புத்தகம் அச்சாயிற்று, எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவர்களில் ஒருவரைப் பிற்பாடு பார்த்தேன். தலைகீழாக நிற்கும் ஈய எழுத்தை நாம் பேப்பர் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். என் கையெழுத்தில் எனக்கே புரியாததும் அவருக்குப் புரியும். பிரஸ் மூடிய பிறகு ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருந்தார். எழுத்துக் கோக்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். இடது கட்டைவிரல் படும் இடத்தில் அது கண்ணாடிபோல் வழுவழுவென்று இருந்தது. "பேரன் இதை எதற்கு என்று கேட்கிறான். எழுத்து ஒன்றுகூட என்னிடம் இல்லை, எதை வைத்துக் காட்டுவது?" என்றார்.