ஏகமனதாக

போடியில் எங்கள் தெருவுக்கு விடியும் முன்பே ஜீப்புகள் வந்துவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்காருவார்கள். அம்மாச்சியும் அப்படிப் போனவள்தான். மலையேற முடியாத வயதில் ஊரிலேயே ஒரு கடையில் காய் பொறுக்கினாள். வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். வீட்டில் ஒரு மாடு இருந்தது. தாத்தா செத்த பிறகு, பால் சங்கத்தில் அவர் பெயர் இருந்த இடத்துக்கு அவள் பெயர் வந்தது. புருஷன் போனதால் கிடைத்த உறுப்பினர் பதவி.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், சங்கத்திலிருந்து ஒருவர் தடித்த நோட்டு ஒன்றை வீட்டுக்கே எடுத்துவந்தார். கையெழுத்து வேண்டுமாம். அவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாச்சி, "என்ன எழுதிருக்குன்னு வாசி தாயி" என்றாள். பேரவைக் கூட்டம் நடந்ததாகவும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகவும் எழுதியிருந்தது.

"ஏகமனதான்னா?"

"எல்லாரும் ஒரே மனசா சரின்னு சொன்னாங்கன்னு அர்த்தம்."

"எம்மனச எப்ப கேட்டாங்க?"

அந்த மாதம் மாட்டுக்கடன் வர வேண்டியிருந்தது. என் கல்லூரிக் கட்டணத்துக்கு அதில்தான் கொஞ்சம் எடுப்பதாக இருந்தோம். "போட்டுரு அம்மாச்சி" என்றேன். போட்டாள்.

ஒருவரைச் சேர்த்துக்கொள்வதும் அவரிடம் கேட்பதும் ஒன்றுதானா? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கூட்டுறவின் அழகே ஓர் எளிய விதியில் இருக்கிறது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கடை தொடங்கியவர்கள் பின்பற்றிய விதி அது: எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. நம் பக்கம் 1904-லேயே திரூரில் கடன் சங்கமும் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் வந்துவிட்டன. கம்பெனியில் பங்குக்கு ஓட்டு, சங்கத்தில் மனுஷருக்கு ஓட்டு. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 'உறுப்பினர்' யார்? ஏல விவசாயிகள் சங்கத்தில் சேர ஏலத்தோட்டம் வேண்டும். பால் சங்கத்தில் சேர மாடு வேண்டும். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. காய் எடுக்கிறவளுக்கு நிலமே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களுக்குத்தான் சமத்துவம். ஏலத்தை ஏலம் விடுகிற எங்கள் ஊரில், அதைத் தொட்டுத் தொட்டுப் பிரித்த கைகளுக்கு விலை சொல்கிற இடத்தில் வேலை இல்லை.

அப்படியென்றால் எல்லாருக்கும் பங்கு கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் அதுவும் நடந்து பார்த்தாயிற்று. மூணாறில் டாடா டீ 2005-இல் பெரும்பாலான தோட்டங்களிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவானது. தொழிலாளர்கள் அதில் பங்குதாரர்கள் ஆனார்கள். அது கூட்டுறவுச் சங்கம் இல்லை. ஆனாலும் உழைக்கிறவரே உடைமையாளர் என்கிற அதே கனவுக்குச் சொந்தக்காரிதான். பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள், தலித்துகள். 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர் வந்தது. தங்கள் சார்பில் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் கிட்டேயே சேர்க்கவில்லை. லிசி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி போன்றவர்கள் தாங்களே போய்ப் பேசினார்கள். ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாக, 20 சதவீதம் கிடைத்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. அந்தப் பெண்களிடம் பங்குப் பத்திரம் இருந்தது, சங்கத்துக்குக் கட்டிய சந்தா இருந்தது. இரண்டு பக்கமும் அவர்கள் உறுப்பினர்கள். இரண்டு பக்கமும் அவர்களுக்காக வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தத் தலைவிகளுக்குள்ளேயே பிளவு வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பெண் தலைமை என்பது மந்திரம் இல்லை.

ஜெயா அருணாசலம் வேறு வழியில் போனார். காங்கிரஸ்காரராக வெள்ள நிவாரண வேலைக்குச் சென்னைக் குடிசைப் பகுதிகளுக்குப் போனவர் அவர். அங்கிருந்த பெண்களுக்கு நிவாரணத்தைவிட நியாய வட்டியில் ஒரு சின்ன முதல் தேவை என்று கண்டார். கட்சியை விட்டு வந்து 1978-இல் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கினார். வங்கிகளோடு பட்ட பாடு போதும் என்று 1981-இல் அந்தப் பெண்களுக்கே சொந்தமாக ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதில் சேர நிலம் கேட்கவில்லை, உழைப்பைக் கேட்டார்கள். பூ விற்கிறவள், இட்லி விற்கிறவள், திண்டுக்கல் பக்கம் நிலமில்லாமல் மாடு வளர்க்கிறவள் எல்லாரும் சாதி பார்க்காமல் ஒரே குழுவில் இருந்தார்கள். குழுத் தலைவியும் அதே தெருக்காரிதான். அதற்கு முன்பே, 1974-இல், அகமதாபாத்தில் இலா பட்டின் சேவா வங்கியை 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தொடங்கியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற கேள்வி வந்தபோது, அவர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் கற்ற கையெழுத்தும் அம்மாச்சி போட்ட கையெழுத்தும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்திருக்கும், கோணல்மாணலாக. அவர்கள் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார்கள். அம்மாச்சியும் தெரிந்துதான் போட்டாள், எனக்காக.

2011-இன் 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கூட்டுறவுச் சங்க இயக்குநர் குழுக்களில் பெண்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கச் சொன்னது. மாநிலச் சங்கங்களுக்கு அது செல்லாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இட ஒதுக்கீடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேச முடியும்? ஆனால் நாற்காலி கொடுத்த பிறகும், அன்றைக்கு எதைப் பேசுவது என்று யார் எழுதுகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னாலும் கடன் வரும், பால் ஊற்றலாம், பேத்தி கல்லூரிக்குப் போகலாம் என்ற நிலை இருந்தால்தான் ஒருத்தியின் 'சரி'க்கு மதிப்பு.

அன்று அந்த நோட்டில் ஒரு வரி இடம் காலியாக இருந்தது. 'எனக்குக் கூட்டம் பற்றிச் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கும் ஏகமனது.