ஓய்வுப் பொழுது யாருக்கு உரியது?

“மாலை ஐந்து மணி வரை அவரவர் விருப்பம். ஐந்து மணிக்கு எல்லாரும் கோயில் வாசலில் கூடிவிட வேண்டும்.”

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் வந்து நிற்கும் சுற்றுலாப் பேருந்துகளில் நண்பகல் வேளையில் கேட்கும் அறிவிப்பு இது. கன்னியாகுமரியில் கதிரவன் எழக் கண்டு, சுசீந்திரத்தையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கூட்டம் இங்கு வந்து சேர்வதற்குள் பத்மநாப சுவாமி கோயிலின் நடை சாத்தப்பட்டுவிடுகிறது. மீண்டும் திறப்பது மாலை ஐந்து மணியளவில். ஆகவே, பயணத்தை ஏற்பாடு செய்தவர் மனமுவந்து கொடுக்காத ஓய்வு, அறிதுயில் கொண்ட பெருமாளின் தயவால் பயணிகளுக்குக் கிடைக்கிறது.

இந்த நான்கைந்து மணி நேரத்தை என்ன செய்வது? இந்நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஊரிலிருந்து இப்பேருந்துகளில் வந்திறங்கும் உறவினர் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “மாப்பிள்ளை, சாயங்காலம் வரை சும்மாதான் இருக்கிறோம், எதையெல்லாம் பார்க்கலாம்?” என்று வினவுவது ஆண்டுதோறும் நிகழ்வதே. நம்மிடம் விடையும் ஆயத்தமாக இருக்கிறது. சுவாதித் திருநாள் எழுப்பிய குதிர மாளிகை அருகிலேயே உள்ளது. அதன் கூரை விளிம்பைத் தாங்கும் மரக்குதிரைகள் 122. சற்றுத் தொலைவு சென்றால் 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகம். அதே வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட சித்ரா கலைக்கூடமும் இரவிவர்மாவின் ஓவியங்களும். (திங்கட்கிழமை வந்து சேர்பவர்கள் அருங்காட்சியகத்தின் பூட்டைத்தான் காண்பார்கள்.) ஓடி ஓடிப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆயினும் ‘எதைப் பார்க்கலாம்’ என்ற வினாவுக்கு முன்னதாக வேறொரு வினா இருக்கிறது என்பது நம் கருத்து. அந்தப் பொழுது யாருக்கு உரியது?

வழிகாட்டியோடு கூடிய சுற்றுலா பிறந்த கதையே இதற்குச் சிறிது ஒளி தரும். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். அவர்கள் சென்றது மதுவிலக்குக் கூட்டத்திற்கு. உழைப்பாளியின் ஓய்வு வெற்றிடமாக இருந்தால் அதில் மது புகுந்துவிடும். அதை நல்லதொன்றால் நிரப்பிவிட வேண்டும் என்பது அக்கால மதுவிலக்குத் தொண்டர்களின் எண்ணம். ஓய்வைக் கண்டு அஞ்சிய மனத்திலிருந்து பிறந்தது சுற்றுலா என்றால் தவறாகாது. அந்த அச்சம் இன்றும் நம்மை விடவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஓர் இடைவெளி கண்டவுடன் அதை எதனாலாவது அடைத்துவிடத் துடிக்கிறோம். ‘பொழுதுபோக்கு’ என்று நாம் வழங்கும் சொல்லே பொழுதை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தைக் காட்டுகிறதன்றோ!

எழுத்தர் பணியில் இருக்கும் நமக்கு இந்த மனப்பான்மை நன்கு பழகியது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956-இல் எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகை வந்தது. அதற்கான பட்டியல்கள் நம் மேசைக்கு வரும்போது புறப்பட்ட நாள், சேர்ந்த நாள், வண்டியின் வகுப்பு, கட்டணம் ஆகிய அனைத்தையும் சரிபார்க்கிறோம். போன இடத்தில் என்ன கண்டார், யாரோடு பேசினார், ஒரு மணி நேரமாவது மரத்தடியில் அமர்ந்தாரா என்று கேட்கும் கட்டம் அப்படிவத்தில் இல்லை. இருக்கவும் வேண்டாம், அதையும் கேட்கத் தொடங்கினால் அதற்கும் ஒரு சான்றிதழ் இணைக்கச் சொல்வார்கள். ஆனால் ஊழியர் பலர் அப்படிவத்தை மனத்திலேயே சுமந்துகொண்டு பயணம் செய்கிறார்கள். பார்த்த இடங்களின் எண்ணிக்கை கூடினால் செலவழித்த பணம் செரித்துவிட்டதாக நிறைவடைகிறார்கள்.

இந்தக் கணக்குப் பார்வையை ஒதுக்கிவிட்டு அந்தப் பேருந்தின் அருகே சற்று நின்று பாருங்கள். அறிவிப்பு முடிந்ததும் இளைஞர்கள் முதலில் இறங்கிப் போய்விடுகிறார்கள். நடுவயது ஆடவர் தேநீர்க் கடையைத் தேடுகிறார்கள். பெண்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, பாத்திரம் கழுவி, ஈரத்துணியை ஜன்னல் கம்பியில் உலர்த்திய பின்னரே செருப்பை மாட்டுகிறார்கள். அதற்குள் இரண்டு மணியாகிவிடுகிறது. எஞ்சிய நேரத்திலும் ஊரில் உள்ள நாத்தனாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நேந்திரங்காய் வறுவல் வாங்கியாக வேண்டும். (அதை நாம் இகழவில்லை, தம் ஓய்வில் பிறரை நினைப்பவர்கள் அவர்கள்தாம்.) இறுதியில் பேருந்துப் படிக்கட்டின் நிழலில் பைகளுக்கும் தண்ணீர்க் குடத்திற்கும் உறங்கும் குழந்தைக்கும் காவலாக ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பார். “யாராவது ஒருத்தர் இருக்கத்தானே வேண்டும்?” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அந்த ‘ஒருத்தர்’ அவராகவே இருப்பது எப்படி?

பேருந்துக்குள் ஓட்டுநர் இருப்பார். முந்தைய இரவு முழுவதும் வண்டி ஓட்டியவர். அன்றிரவு குருவாயூருக்கு ஓட்டப் போகிறவர். 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. பட்டியலில் உள்ள திருத்தலங்களின் எண்ணிக்கையோ வேறொரு கணக்குச் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட நான்கு மணி நேரம் மற்றவர்க்கெல்லாம் விருப்பப் பொழுது. அவருக்கு அது உறக்கத்தின் கடன் தீர்க்கும் பொழுது. அரைமணிக்கொருமுறை யாரேனும் கதவைத் தட்டி, “அண்ணே, பையை எடுக்கணும்” என்று எழுப்பினால் அக்கடனும் தீராது.

ஓய்வைக் குறித்த பழங்கிரேக்கச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. மனிதன் தன்னை உணரவும் அறிவை வளர்க்கவும் ஓய்வே களம் என்று அரிஸ்டாட்டில் கருதினார். உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அந்த ஏதென்சு நகரத்து ஓய்வு, அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நம் பேருந்தில் அடிமைகள் இல்லை. அம்மாவும் பாட்டியும் ஓட்டுநரும் சமையற்காரரும் இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு மற்றொருவர் காவலின்மேல் நிற்கும் அமைப்பு மட்டும் மாறவில்லை.

‘பணம் கொடுத்து வந்தவன் ஊரைப் பார்க்காமல் பைகளைப் பார்ப்பதா?’ என்று கேட்கலாம். ஆளுக்கு அரைமணி நேரம், ஆடவரும் உட்பட, முறைவைத்துக் காவல் இருந்தால் இழப்பது ஒரு மாளிகையாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றில் நின்று பார்ப்பது குறைவன்று. கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெருவையே எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசால் அமைக்கப்பட்ட தெரு அது. அங்கே பாத்திரக் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் சுமைதூக்குவோரையும் சில்லறை வணிகரையும் கைவிடப்பட்டவரையும் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்று, 2021-இல் மறைந்தார். வாழ்நாளெல்லாம் பார்த்தும் அவருக்கு அத்தெரு தீர்ந்துவிடவில்லை. பயணிக்கு அங்கே கிடைப்பது ஒரு மணி நேரம். அதை விலைபேசுவதிலேயே கழிக்காமல் ஒரு கடை வாசலில் நின்று சுமை இறங்குவதைப் பார்த்தாலும் போதும்.

ஊரில் இருக்கும் நம்மைப் பற்றியும் ஒரு சொல். வந்த உறவினரை விடாப்பிடியாக வீட்டுக்கு அழைத்துப் போய், மூன்று வகைப் பாயசத்தோடு விருந்து வைத்து, நிழற்படத் தொகுப்பையும் காட்டி முடித்து ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் விடுவது நம் வழக்கம். அன்புதான். என்றாலும் அந்த அன்பு வழிகாட்டியின் சீழ்க்கையைப்போல் ஆகிவிடுவதும் உண்டு. அவர்களுள் ஒருவர் கடற்கரையில் தனியே அமர விரும்பியிருக்கலாம், நாம் கேட்பதில்லை. அவர்கள் வரும்போது நம்மால் இயன்ற பேருதவி, பேருந்தின் நிழலில் உள்ளவரை விடுவித்து நாம் அங்கே அமர்வதே.

சென்ற மார்கழியில் அவ்வாறு ஓர் ஏற்பாடு நடந்ததை நாம் கண்டோம். தஞ்சைப் பக்கத்துக் கூட்டம் ஒன்றில், கல்லூரியில் படிக்கும் பேரன் பைகளோடு அமர்ந்துகொண்டு பாட்டியை அனுப்பிவைத்தான். பத்மதீர்த்தக் கரையில் மேத்தன் மணி என்றொரு பழைய கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போதெல்லாம் அதிலுள்ள தாடிக்கார முகம் வாய் திறக்கும். இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டும். அம்மூதாட்டி நான்கு மணி அடிக்கக் கண்டார். பிறகு குளத்துப் படியருகே அமர்ந்து, ஐந்து மணிக்கும் அது முட்டுமா என்று நம்மிடம் கேட்டார். முட்டும் என்றோம். கோயில் வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.