வேர் எங்கே இருக்கிறது?

பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, ரண சிகிச்சையும் அதன்பின் ஆறு மாத காலக் கீமோதெரபியும் முடிந்து வீடு திரும்பியிருந்த என் உறவினர் ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் வீட்டுக் கொல்லையில் கோரை களைந்துகொண்டிருந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "வேரோடு போய்விட்டது என்று சொல்ல முடியுமா, தம்பி?" என்று கேட்டார். மருந்தின் வேகத்தால் மரத்துப்போயிருந்த அவருடைய விரல்களுக்கிடையே கோரைத் தாள் இருந்தது. அதன் அடியில் கிழங்கைக் காணோம், அது அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேனாயினும், தீமையின் மூலம் எது, மூலத்தை அழித்தால் தீமை அழிந்துவிடுமா என்று நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வியையே அவரும் கேட்டார் என்னும் எண்ணம் வழியெல்லாம் என்னை விட்டு அகலவில்லை.

பெருங்குடலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும், ஸ்டெம் செல் என்று மருத்துவர்களும் குருத்தணு என்று தமிழில் எழுதுவோரும் சொல்லும் உயிரணுக்கள் சில தங்கியிருந்து ஓயாமல் பிறப்பித்துக்கொண்டிருக்க, அவை பெற்ற சேய்கள் சுவரோரமாக மேலேறி, நீரை உறிஞ்சுவதும் வழவழப்பான சளியைச் சுரப்பதுமாகிய தத்தம் கடமைகளை ஆற்றி, ஏறக்குறைய ஐந்து நாட்களில் குழியின் வாயை அடைந்து உதிர்ந்துபோகின்றன. இந்தக் குருத்தணுக்களை எல்.ஜி.ஆர்.5 என்னும் அடையாளத்தைக் கொண்டு இனம் பிரித்துக் காட்டியவர்கள், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் க்ளெவர்ஸின் ஆய்வகத்தார். அது 2007ஆம் ஆண்டு. காவல் மரபணுவாகிய ஏ.பி.சி. இந்தக் குருத்தணுவில் அழிந்தால் கட்டி விரைந்து வளர்வதையும், மேலேறிவிட்ட அணுவில் அழிந்தால் அவ்வாறு வளர்வது அரிது என்பதையும் 2009இல் எலிகளிடம் அவர்களே கண்டனர்.

கட்டிக்குள்ளும் இத்தகைய மூலம் உண்டென்று 2007ஆம் ஆண்டிலேயே டொராண்டோவில் ஜான் டிக்கின் குழுவும், ரோமாபுரியில் மற்றொரு குழுவும் எழுதின. கட்டியின் அணுக்களைப் பொதுவாக எடுத்தால் ஏறத்தாழ 57,000க்கு ஒன்றும், சி.டி.133 என்னும் அடையாளம் தாங்கியவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் 262க்கு ஒன்றும் எலியின் உடலில் புதிய கட்டியைத் தோற்றுவிக்க வல்லன என்று டொராண்டோக் குழு கணக்கிட்டது. வேகமாகப் பிளவுபடும் அணுக்களையே பெரும்பாலும் கொல்லும் ஔஷதங்கள், மெல்லப் பிளவுபட்டும், உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளியும், தம் சேதத்தைத் தாமே செப்பனிட்டும் பிழைத்துக்கொள்ளும் இந்த அணுக்களை விட்டுவிடுகின்றன. ஆகையால் இவற்றை மாத்திரம் தேடி அழித்துவிட்டால் நோய் தானே பட்டுப்போகும் என்ற நம்பிக்கை எங்கும் பிறந்தது.

அந்த நம்பிக்கையை 2017ஆம் ஆண்டு சோதித்துப் பார்த்தது. கலிபோர்னியாவில் ஒரு குழு எலியின் குடற்கட்டியில் இருந்த எல்.ஜி.ஆர்.5 அணுக்களை அழித்தபோது கட்டி கரையவில்லை, வளராமல் நின்றது. அழிப்பதை நிறுத்தியதும் அதே அணுக்கள் மீண்டும் தோன்றின. டோக்கியோவில் தொஷிரோ சாட்டோவின் குழு, மனிதரின் கட்டியிலிருந்து வளர்த்த திசுவில் அவ்வாறே செய்தபோது கட்டி முதலில் சுருங்கியதாயினும், முதிர்ந்து தொழிற்பட்டுக்கொண்டிருந்த சாதாரண அணுக்களே திரும்பிக் குருத்தணுக்களாக மாறி, காலியான இடத்தில் அமர்ந்துவிட்டன. வேரைப் பிடுங்கினால் இலை வேராகிறது. 2020இல் நெதர்லாந்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியோ, கட்டியை விட்டுப் புறப்பட்டு வேற்றிடத்தில் குடியேறுபவை பெரும்பாலும் எல்.ஜி.ஆர்.5 இல்லாத அணுக்களே என்றும், சென்ற இடத்தில்தான் அவை அந்த அடையாளத்தைப் பெறுகின்றன என்றும் காட்டியது.

இங்கேதான் தத்துவம் பேசத் தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரும் அவர் வழிவந்தோரும், ஆன்மாவின் சிறப்பிலக்கணமாக, அது சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையைக் கூறினர். உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் அருளைச் சார்ந்தால் அருளாகவும் அது நிற்கும். ஆணவம் என்னும் மூலமலம் முத்தியிலும் இல்லாமற் போவதில்லை, அதன் சக்தி அடங்குகிறது என்பதும் அவர்கள் முடிபு. யோக சூத்திரம் செய்த பதஞ்சலியோ, மனத்தை வருத்தும் மாசுகளாகிய கிலேசங்களுக்கு உறக்கம், மெலிவு, இடைத்தடை, முழு விரிவு என நான்கு அவஸ்தைகளை வகுத்து, அடங்கியிருப்பது வேறு, அழிந்திருப்பது வேறு என்பதை நினைவில் நிறுத்தினார். 2022இல் அதே டோக்கியோக் குழு, சில புற்றுக் குருத்தணுக்கள் தம்மைத் தாங்கும் அடிச்சவ்வைப் பற்றியிருக்கும்வரை உறங்குவதையும், கீமோதெரபி அந்தப் பிடியைக் குலைக்கும்போது விழித்தெழுவதையும் எழுதியபோது, அந்த முதல் அவஸ்தையை நான் எண்ணிக்கொண்டேன்.

ஆயினும் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறுவது பாவம். அணுவுக்கு இச்சையில்லை, குற்றமும் இல்லை. நோயுற்றவரின் படுக்கையருகே உட்கார்ந்துகொண்டு "பூர்வ ஜன்ம வினை" என்று பெருமூச்சு விடுகிறவர், துன்புறும் உடலின் மேல் அவமானத்தையும் ஏற்றிவைக்கிறார்; எந்தச் சித்தாந்தத்தின் பெயராலும் அதைச் செய்ய நமக்கு உரிமையில்லை. நான் கற்றுக்கொள்ள விரும்புவது வேறு. தீமையை ஒரு தனி ஆளாக, ஒரு வகுப்பாக, ஒழித்துவிடத்தக்க ஒரு கூட்டமாகக் காணும் பழக்கம் சரித்திரமெங்கும் நம்மை ஏமாற்றி வந்திருக்கிறது. பொல்லாதவனை நீக்கிய ஆசனம் அப்படியே இருந்தால், நேற்றுவரை நல்லவனாயிருந்தவனே அதில் அமர்ந்து அவனாகிவிடுகிறான். ஆகவே அமர்ந்தவனை அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஆசனத்தையும் அதைத் தாங்கும் நிலத்தையும் மாற்ற வேண்டும். குருத்தணுவையும், அதை அவ்வாறு ஆக்கும் சூழலையும் ஒருங்கே நோக்கிய சிகிச்சையை ஆராய்ச்சியாளர் இன்று நாடுவதன் நியாயமும் இதுவே.

அடுத்த முறை அவரைக் காணும்போது, அன்று சொல்லாத பதிலைச் சொல்லுவேன். "வேர் போயிற்றா என்று அறுதியிட்டு என்னால் சொல்ல முடியாது, ஐயா, ஆனால் வேர் என்பது ஒரு பொருளாக மட்டும் இல்லை, மண் தரும் பதவியாகவும் இருக்கிறது என்று தெரிகிறது. மூன்று மாதத்துக்கொரு முறை நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போவதும், காலைதோறும் இந்தக் கொல்லையில் குனிவதும் ஒரே காரியந்தான்." பிறகு நானும் அவர் பக்கத்தில் அமர்ந்து, மரத்த விரல்களுக்கு எட்டாத கிழங்குகளைத் தோண்டிக் கொடுப்பேன்.