பந்தயத்தில் வைப்பது யாருடைய பணம்?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் மாரியம்மனிடமும் முனியாண்டியிடமும் வைத்த வேண்டுதல்களில் மழை உண்டு, பிள்ளை வரம் உண்டு, இருட்டோடு மரம் வெட்டப் போகிறவரைப் பாம்பு தீண்டக்கூடாது என்பதும் உண்டு. பிற்பாடு அவற்றோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது: நான்கு இலக்கப் பரிசுக் குலுக்கலான நாலு நம்பர். அருள் வந்து ஆடுகிறவரிடம் எண் கேட்பது, கனவில் கண்டதை எண்ணாக மாற்றுவது, விபத்தில் நசுங்கிய காரின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வது இவையெல்லாம் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துச் சனம் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ புந்தோங்கிலும் குடியேறியது. அந்த வேண்டுதலும் கூடவே வந்து, இப்போது கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறது.

சாமி நம்பர் தருமா? பகுத்தறிவாளர் கேட்டால் இது ஏளனமாகத் தோன்றும். பக்தி உள்ளவர் கேட்டால்தான் இதற்குப் பொருள் உண்டு.

கணக்கைப் பார்க்கலாம். நாலு நம்பரில் மொத்தம் 10,000 எண்கள். பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அதற்குப் பின் 180 வெள்ளி பத்து எண்களுக்கு, 60 வெள்ளி பத்து எண்களுக்கு. எல்லா எண்ணுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் போவது 10,000, வருவது 6,400. வெள்ளிக்கு 64 சென்தான் திரும்புகிறது. ஒருவருக்கு விழும் பரிசு, விழாத மற்றவர்கள் கட்டிய பணம். ஆகவே அம்மன் சன்னிதியில் எண் கேட்பவர், தனக்கு விழ வேண்டும் என்பதோடு, பக்கத்தில் கைகூப்பி நிற்பவர் தோற்க வேண்டும் என்றும் சேர்த்தே வேண்டுகிறார். எல்லாருக்கும் தாயானவளிடம் வைக்கத் தகுந்த வேண்டுதலா இது?

‘என் நேரம் ஒருநாள் வரும்’ என்று இதற்குப் பதில் சொல்வார்கள். ஊழைப் பற்றி வள்ளுவர் சொன்னது வேறு. பொருள் சேர வேண்டிய ஊழ் ஒருவனிடம் சோர்வில்லாத முயற்சியாக வெளிப்படுகிறது, பொருள் போக வேண்டிய ஊழ் சோம்பலாக வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. நல்வினை குலுக்கலில் வந்து விழும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சூதுக்கு அவர் ஒதுக்கிய 94ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கிறது. வெற்றி கிடைத்தாலும் சூது வேண்டாம் என்றுதான் அது தொடங்குகிறது. தோற்கத் தோற்க ஆசை பெருகும் என்பதை மனநோய் மருத்துவம் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே அவர் கண்டிருக்கிறார்.

ஆயினும் இந்த விவகாரத்தின் வேரைத் தொட்ட கேள்வி அத்தினாபுரத்துச் சபையில் பாஞ்சாலி கேட்டது. தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னையே இழந்துவிட்டவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மரால்கூட நேராக விடை சொல்ல முடியவில்லை. ‘வயது வந்தவர், சொந்தப் பணம், சொந்த விருப்பம்’ என்று இன்றைய நிறுவனங்கள் பேசும் வாதத்தை அந்தக் கேள்வி அப்படியே சாய்த்துவிடுகிறது. கந்துவட்டி ஆலோங்கிடம் கடன் வாங்கி, பள்ளிக் கட்டணத்தை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து ஆடுகிறவன் வைப்பது சொந்தப் பணமல்ல. பழக்கம் பிடித்த பிறகு, விருப்பமும் அவனுடையதல்ல. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியை எந்த நேரத்திலும் எடுக்கலாம். அவசரத்துக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதுமைக்கான சேமிப்பும் சூதாட்டச் செயலியும் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன என்பதைக் குடும்பங்கள் மறக்கக்கூடாது. நாலு நம்பருக்குக் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் புத்தி திரும்ப வழியுண்டு. செயலியில் அடுத்த ஆட்டம் அடுத்த நொடியே.

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்ட வழக்கு ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற இடத்தில் சிக்கியது. 2021இல் மாநிலம் கொண்டுவந்த தடையை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் மீண்டும் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி நீதிமன்றம் அவற்றை விடுவித்தது. சட்டத்தின் கண்ணுக்கு இது சரியாக இருக்கலாம். அறத்தின் கண்ணுக்கு அல்ல. சகுனி திறமைசாலி. காய் உருட்டுவதில் கைதேர்ந்தவன், ஆடத் தெரியாதவனை அழைத்து ஆடியதுதான் பாரதத்தின் அநீதி. திறமை இருப்பது குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டை விட்டுவிட்டுப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. பெரிய நிறுவனங்கள் உடனே பணப் போட்டிகளை நிறுத்தின, சில நீதிமன்றத்துக்கும் போயின.

மலேசியாவின் நிலை வேறு. லாட்டரிச் சட்டம் 1952இல் வந்தது, பந்தயச் சட்டம் 1953இல். இரண்டும் சுதந்திரத்துக்கு முந்தியவை, இணையத்தைக் கனவிலும் காணாதவை. முஸ்லிம்களுக்குச் சூது ஷரியா சட்டப்படி குற்றம், கெந்திங் சூதாட்ட விடுதிக்குள் அவர்கள் போக முடியாது. மற்றவர்களுக்கு உரிமம் பெற்ற கடைகள் உண்டு. டோட்டோ எனும் நம்பர் ஆட்டத்தை 1969இல் அரசாங்கமே தொடங்கி, 1985இல் தனியாரிடம் கொடுத்தது. கெடா மாநிலம் 2023 முதல் நம்பர் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது, முஸ்லிமல்லாதார் உரிமை பறிபோகிறது என்ற குரல் எழுந்தது. அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஒரு சமயத்தின் விதி இன்னொரு சமயத்தார் மேல் விழக்கூடாதுதான். ஆனால் சூதாடும் உரிமைக்காகவா தமிழர் தம் சமயத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும்? சட்டம் நம்மை நம் மனசாட்சியிடம் விட்டிருக்கிறது என்றால், அங்கே பதில் சொல்லும் பொறுப்பும் நமதே.

தடுத்தால் கள்ளத்தனமாக நடக்கும், உரிமம் கொடுத்தால் வரியாவது வரும் என்பது பழைய வாதம். தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் இதையே சொன்னார்கள்: கடையை மூடினால் சம்சுச் சாராயம் குடிப்பான். ஆனால் 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரிக்கையாக வைத்தார்கள். குடிக்கிற சனமே கேட்டது அது.

உலகம் இன்று இரண்டு பக்கமும் இழுபடுகிறது. கம்போடியா இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கி, 2019இல் நிறுத்தியது. சிஹானுக்வில்லில் அந்தத் தொழில் விட்டுச்சென்ற கட்டடங்களுக்குள் மோசடிக் கும்பல்கள் குடியேறின, வேலை என்று நம்பிப்போன மலேசிய இளைஞர்களும் அத்தகைய கும்பல்களிடம் சிக்கினார்கள். பிலிப்பீன்ஸ் வெளிநாட்டாரைக் குறிவைத்த நிறுவனங்களிடம் வரி வாங்கியது. குற்றங்கள் பெருகவே, 2024 ஜூலையில் அதிபர் மார்கோஸ் அவற்றுக்குத் தடை அறிவித்தார். பிரிட்டன் தடைசெய்யவில்லை, வேகத்துக்குக் கடிவாளம் போட்டது. 2025 முதல் இணையச் சுழல் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து பவுண்டுக்கு மேல் வைக்க முடியாது, 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு இரண்டு பவுண்டுதான். தமிழ்நாட்டில், நாடு தழுவிய தடைக்கு முன்பே, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டங்களுக்குள் நுழையத் தடை வந்தது.

இவற்றுள் பாஞ்சாலியின் கேள்விக்கு மிக நெருங்கி வந்திருப்பது சிங்கப்பூர். சூதாட்ட விடுதிக்குள் நுழையக் குடிமக்களிடம் நாளுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி வாங்குவது பலருக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது, குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஆணை. பணயப் பொருளாக வைக்கப்படுகிறவரே எழுந்து நின்று ‘என்னை வைக்காதே’ என்று சொல்ல அங்கே சட்டத்தில் இடம் உண்டு. மலேசியா தன் சூதாட்டச் சட்டங்களைத் திருத்தும்போது, கைப்பேசிக்கும் மின்பணப்பைக்கும் பொருந்தும்படி இத்தகைய உரிமையை மனைவிக்கும் பெற்றோருக்கும் தர வேண்டும்.

பந்தயத்தில் போகாத பணமும் நம்மிடம் இருந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் அது. மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அந்தப் பத்து வெள்ளி யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை: பால்மரம் வெட்டியவருடையது, அவர் பிள்ளையுடையது.

பேராக்கின் ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கோயிலில் அருள்வாக்கு நடந்தால், எண் கேட்க அனுமதி இல்லை என்று அறிவித்துவிடுங்கள். சூதால் கடன்பட்ட குடும்பம் வந்து அமர்ந்து பேச, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே பேச முதலில் பெண்களை அழையுங்கள்.