தீட்டாவின் முதல் எழுத்து

"சார், ஹீட்டான்னா என்ன?"

திருமானூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டிலும் பயிற்சி செய்யட்டும் என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்டவள் பத்தாம் வகுப்பு. "முக்கோணவியல் முடிஞ்சும் தீட்டா சொல்லத் தெரியலையா?" என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவள் பேசாமல் அப்பாவின் செல்போனை நீட்டினாள். கிரேக்க எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஹெச், இ, டி, ஏ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நின்றன. பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

அன்றிரவு கேடெக்கைச் சந்தேகப்பட்டேன். கான் அகாடமி 2014இல் வெளியிட்ட, சூத்திரங்களைத் திரையில் வரைந்து காட்டும் நிரல் அது. பதிப்பை மாற்றினேன், எழுத்துருவை மாற்றினேன், பிரவுசரை மாற்றினேன். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் இரவுதான், கேடெக்கின் கைக்குப் போகும் முன் அந்த வரி எப்படி இருக்கிறது என்று கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தேன். அங்கேயே தீட்டா சிதைந்திருந்தது.

கேடெக் படிப்பது, டொனால்ட் குனூத் 1978இல் வெளியிட்ட டெக் மொழியில் எழுதிய சூத்திரங்களை. அந்த மொழியில் கட்டளைகள் பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும். தீட்டாவுக்கும் முன்னால் ஒரு கோடு உண்டு. ஜாவாஸ்கிரிப்டுக்கோ, மேற்கோள் குறிக்குள் அந்தக் கோடும் அடுத்து வரும் டி எழுத்தும் சேர்ந்தால் 'டேப்' இடைவெளி. தனக்கு இட்ட குறி என்று எண்ணி இரண்டையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஹீட்டா. கோட்டை இரண்டாக இட்டதும் சரியாயிற்று. ஒன்று இடையில் நிற்பவருக்கு, மற்றது போய்ச் சேர வேண்டியவருக்கு.

அப்போது உ.வே.சா. நினைவுக்கு வந்தார். எங்கள் மாவட்டத்து அரியலூரில் சிறுவயதில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றவர் அவர். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றும் முன் அவர் கையில் இருந்தவை புள்ளியில்லாத ஓலைகள். மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று பல பிரதிகளை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு சொல் எத்தனை கை மாறி வந்தது என்ற கேள்வியை அவர் விடவேயில்லை. எனக்கு அது இரண்டு இரவு கழித்துத்தான் தோன்றியது, அதுவும் இயந்திரத்திடம். அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றவில்லை. தவறான சொல் வாயில் வந்ததும் வாயைத்தான் பிடித்தேன். அவள் கைக்கு வந்தது என்ன என்று பார்க்கவில்லை. வீட்டிலும் இப்படி எத்தனை முறை நடந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மறுநாள் மாலை, கடிந்துகொண்ட அதே பிள்ளைகள் முன்னால், "நீ படிச்சது சரிம்மா, நான் எழுதினதுதான் தப்பு" என்று அவளிடம் சொன்னேன்.