பெற்றவளின் நாற்பது நாள்



சுகப்பிரசவமாகித் தாயும் சேயும் நலம் என்றதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். அத்துடன் கடமை தீர்ந்ததென்றும் எண்ணிவிடுகிறோம். சில வீடுகளில் மூன்றாம் நாளே பெற்றவள் தண்ணீர்க்குடம் தூக்குகிறாள்.

நிஃபாஸுடைய பெண்ணுக்கு அல்லாஹ் தொழுகையையே நீக்கினான்; அதைக் களாச் செய்யவும் ஏவவில்லை. நோன்பைப் பின்னர் நோற்கச் சொன்னான். ரப்பே தன் ஹக்கை விட்டுக்கொடுத்திருக்க, அடுப்படி வேலையை விட்டுக்கொடுக்காத நாம் யார்? பாலூட்டுகிறவளுக்கு உணவும் உடையும் தருவது தகப்பனின் பொறுப்பென்று அல்பகரா 233ஆம் வசனம் விதித்துள்ளது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்மலை. அங்கே பிறந்த பிள்ளைக்குச் சூடுதான் முதல் மருந்து. துடைத்து, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தி, முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுக்கவேண்டும். குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழியட்டும். குளிப்பாட்டினால்தான் பாங்கு சொல்லலாம் என்று மார்க்கத்தில் இல்லை.

நலமாயிருப்பவளையும் கவனித்து வரவேண்டும். உதிரம் மிகுந்தாலும், காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் தாமதம் கூடாது. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆகவே வண்டி, பணம், துணைக்கு வருபவர் ஆகியவற்றைப் பேறுகாலத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 108ஐ நினைவில் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும்.

அல்லாஹ் நம் இல்லங்களில் தாயையும் சேயையும் காத்தருள்வானாக! ஆமீன்.